கடல் வற்றும் நேரம் பார்த்துப் புறப்படுங்கள்



ஜொகூர் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். "அக்கா, பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகள் கடல் பார்க்க வேண்டுமென்று உயிரை எடுக்கிறார்கள். கடைத்தொகுதிக்குக் கூட்டிப்போனால் கைக்காசு கரைகிறது. சிங்கப்பூர்ப் பக்கம் பார்க்க ஏதாவது உண்டா?"

உண்டு, தங்கச்சி. புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. சாங்கி முனைப் படகுத்துறையில் நின்றால் 12 பேர் ஏறும் மோட்டார்ப் படகு வரும். ஆள் சேர்ந்ததும் கிளம்பிவிடும். சில வெள்ளிதான் கட்டணம். அங்கே இறங்கி வாடகை சைக்கிளில் போகலாம். கால் வலுவுள்ளவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் நடந்தே போய்விடலாம்.

ஆனால் நேரம் பார்க்காமல் போனால் ஏமாந்து திரும்புவீர்கள். கடல் ஏறியிருக்கும்போது அங்கே வெறும் தண்ணீர்தான். நீர்மட்டம் அரை மீட்டருக்குக் கீழே இறங்கும் நாளாகப் பார்த்துப் போக வேண்டும். வற்றும் நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே போன வாரம் பக்கத்து வீட்டார் போன நேரத்தை நம்பாதீர்கள்.

கடல் வற்றினால் மணல்திட்டு, பாறை, கடற்புல் திடல், பவளத் துண்டுகள் நிறைந்த பரப்பு, கண்டல் காடு, கரையோரக் காடு ஆகிய ஆறும் அந்தச் சின்ன இடத்திலேயே பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஒரு கையை மட்டும் தன் உடம்பளவு பெரிதாக்கி ஆட்டிக்கொண்டு நிற்கும் நண்டைப் பாருங்கள். பெண் நண்டைக் கூப்பிடத்தான் அந்த ஆர்ப்பாட்டம். சேற்றில் துள்ளித் திரியும் மீனும் உண்டு. மலாய்க்காரர்கள் பெலாச்சாக் என்பார்கள். மீன் தரையில் நடப்பதைக் கண்டதும் என் பேத்தி வாய் மூட மறந்துபோனாள்.

இதெல்லாம் இன்று இல்லாமல் போயிருக்க வேண்டியது. 1992-இலேயே இந்தக் கரையை மண் கொட்டித் தூர்க்கத் திட்டம் போட்டிருந்தார்கள். இங்கே இவ்வளவு உயிர்கள் இருப்பது 2000-ஆம் ஆண்டின் இறுதியில்தான் இயற்கை ஆர்வலர்கள் சொல்லி வெளியே தெரிந்தது. 2001 டிசம்பரில் வேலை தொடங்குவதாக இருந்தது. இடையில் கிடைத்த ஒரே ஆண்டில் தொண்டர்கள் சேற்றில் இறங்கி, என்னென்ன இருக்கிறதென்று கணக்கெடுத்தார்கள். மக்கள் கடிதம் எழுதினார்கள். அந்த டிசம்பரிலேயே திட்டத்தைத் தள்ளிவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. தீவு வளர்ச்சிப் பணிகளுக்குத் தேவைப்படாத வரையில் செக் ஜாவா அப்படியே இருக்கும் என்பதுதான் பேச்சு. தள்ளிவைத்தார்களே தவிர, கைவிட்டதாகச் சொல்லவில்லை.

அழிவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாமென்று அந்த ஆண்டு கூட்டம் கூட்டமாகப் போனார்கள். நானும் போனேன். ஏழு வயது மகள் மணலில் ஒரு நட்சத்திர மீனைக் கண்டெடுத்தாள். "அம்மா, எப்படியும் மண்ணைப் போட்டு மூடத்தானே போகிறார்கள், நாம் காப்பாற்றுவோம்" என்றாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பிஸ்கட் டின்னில் கடல்நீர் ஊற்றி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மறுநாள் காலை நாற்றம் தாங்கவில்லை. மகள் பள்ளிக்குப் போகும்வரை டின்னைத் திறக்காமல் ஒளித்துவைத்தேன். பிறகு கடலுக்கே போய்விட்டதாகப் பொய் சொன்னேன். திட்டம் நின்ற செய்தி வந்த நாளில் ஊரே மகிழ்ந்தது. எனக்கு அந்த டின்தான் நினைவுக்கு வந்தது. நாங்கள் தொடாதிருந்தால் அது பிழைத்திருக்கும்.

இப்போது அப்படி எடுக்க வழியில்லை. 2007-இல் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான மரப்பலகை நடைபாதை போட்டுத் திறந்துவிட்டார்கள். அதன் மேல் நின்றுதான் பார்க்க வேண்டும். வழிகாட்டியோடு போகிறவர்கள் மட்டுமே கீழே இறங்கலாம். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் பெருமழை. ஜொகூர் ஆற்றிலிருந்து பாய்ந்துவந்த நன்னீர் கடலின் உப்பைக் குறைத்துவிட, நட்சத்திர மீன்களும் கடல் அட்டைகளும் திரளாகச் செத்துக் கிடந்தன. மெல்ல மெல்லத்தான் திரும்பி வந்தன. உங்கள் தோட்டத்துப் பக்கம் ஓடும் ஆறு இங்கே வந்து பேசுகிறது பாருங்கள்!

போன மாதம் மகளும் பேத்தியுமாக மூவரும் போனோம். நடைபாதைக்குக் கீழே மணலில் ஐந்து கால் பதிந்த ஒரு தடம். மகள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "அம்மா, அன்றைக்கு அது கடலுக்குப் போகவில்லை, இல்லையா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை.

முகப்பிலிருக்கும் 1930-களின் ஆங்கிலேய மாளிகையையும் பார்த்துவிடுங்கள். நம் வெயிலுக்குக் கணப்பு அடுப்பு கட்டியிருக்கிறார்கள், சிரிப்பு வரும்! புறப்படுமுன் பூங்காக் கழகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். சகோதரி, நீங்கள் கடப்பிதழை மறக்க வேண்டாம். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம் வேண்டும். சோற்றுப் பொட்டலத்தை மட்டும் பையிலேயே கட்டி வைத்திருங்கள். காட்டுப் பன்றிகளுக்கு மூக்கு நீளம்.