கடைசியில் வருகிறவன்

சென்ற மாதம் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி வருவதற்கு முன்பே படம் வந்துவிட்டது. அறிவிப்புப் பலகை ஒன்றின் முன்னால், வண்ண வண்ணக் கொடித்துணிகளுக்கு நடுவே, நான்கு பேர் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிற படம். நேபாளத்தில் அன்னபூர்ணா மலைத்தொகுதியைச் சுற்றி வரும் நடைப்பாதையின் உச்சியான தோராங் லா கணவாய் அது. உயரம் 5,416 மீட்டர். பழைய கணக்கில் ஏறக்குறைய 17,770 அடி.

"வெற்றிகரமாக முடித்துவிட்டோம்!" என்றார் சிநேகிதர்.

நான் படத்தை இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன். "ஐந்து பேர் அல்லவா புறப்பட்டீர்கள்?"

"ஓ, அவனா? அவனால் முடியவில்லை. தலைவலி, வாந்தி. மனாங்கிலிருந்து ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டோம்."

"கூட யார் போனார்கள்?"

"தனியாகத்தான் போனான். ஜீப்தானே, என்ன பயம்?"

அதற்குள் காப்பி வந்துவிட்டது. காப்பி நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பதில்தான் தொண்டையில் இறங்கவில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து பேராகப் புறப்பட்டு நான்கு பேராகக் கணவாயைத் தாண்டியவர்கள் அந்தப் பிரயாணத்தை முடிக்கவில்லை. கணவாயைத் தாண்டினார்கள், அவ்வளவுதான். ஒரு கல்யாணப் பந்தியில் பாதிப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே முதல் இலைக்காரர் எழுந்து கைகழுவப் போனால், பந்தி முடிந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. அவர் பசி தீர்ந்தது என்றுதான் சொல்வோம்.

பாதையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பேஸிசஹர் என்ற ஊரில் வழக்கமாக நடை தொடங்கும். அங்கே உயரம் 800 மீட்டருக்கும் குறைவு. மர்ஸ்யாங்டி ஆற்றோடு ஏறி மனாங் கிராமத்தை அடைந்தால் சுமார் 3,500 மீட்டர். அதற்கு மேல் யாக் கர்க்கா, தோராங் பேடி என்ற தங்குமிடங்கள், பிறகு கணவாய். மறுபுறம் சுமார் 1,600 மீட்டர் இறங்கினால் முக்திநாத். வைஷ்ணவர்கள் 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமம் என்று போற்றும் தலம் அது. இப்போது கணவாயின் இரண்டு பக்கத்திலும் ஜீப் போகிற சாலை வந்துவிட்டது. என்றாலும் முதுகில் மூட்டையோடு இரண்டு வாரம், மூன்று வாரம் நடக்கிறவர்கள் இன்னும் நடக்கிறார்கள்.

கணவாயின் மேல் ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். உடம்பு அதற்குப் பழக அவகாசம் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், இன்று படுத்த இடத்தைவிட நாளை படுக்கிற இடம் 500 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது; மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும். இது வைத்தியர்கள் சொல்லும் விதி. மீறினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை. அப்போதும் அலட்சியமாக ஏறினால் சிலருக்கு மூளை வீங்கும். நுரையீரலில் நீர் கோக்கும். உடனே கீழே இறங்காவிட்டால் உயிர் போகும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தேகபலம் இந்த நோய்க்குக் காப்பு அல்ல. தினம் நூறு தண்டால் எடுக்கிறவனைப் படுக்கப் போட்டுவிட்டு, சோடாப்புட்டிக் கண்ணாடிக்காரரைச் சும்மா விட்டாலும் விடும். வேகமாக ஏறுகிறவனுக்குத்தான் ஆபத்து அதிகம். ஆகையால், "அவனால் முடியவில்லை" என்ற வாக்கியம் பெரும்பாலும் பொய். அவனுக்கு இன்னும் இரண்டு நாள் வேண்டியிருந்தது. அந்த இரண்டு நாளைக் கொடுக்க மற்றவர்களுக்கு மனம் வரவில்லை. உண்மையான வாக்கியம் இதுதான். இதைச் சொன்னால் படத்தின் அழகு கெட்டுப்போகும்.

"ஊருக்கு உபதேசம் செய்ய வந்துவிட்டாரே, இவர் யோக்கியதை என்ன?" என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன், ஐப்பசி மாதத்தில், நாங்கள் நான்கு பேர் அதே பாதையில் போனோம். எல்லோரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். ஒருவர் பாங்கில் கணக்கு எழுதுகிறவர், ஒருவர் பள்ளித் தலைமையாசிரியர், ஒருவர் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், நான்காமவன் நான். பொதுச் சாமான்களைச் சுமக்க அந்தத் தேசத்து வாலிபன் ஒருவனை அமர்த்தியிருந்தோம். தாழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்றில் நெல் பயிரிடுகிற குடும்பத்துப் பிள்ளை.

யாக் கர்க்காவில், சுமார் 4,000 மீட்டரில், கணக்கர் விழுந்துவிட்டார். பூண்டு சூப்பைக் குடித்தார். குடித்ததை வெளியே தள்ளினார். தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "நீங்க போங்கடா, நான் இங்கேயே இருக்கேன்" என்று முனகினார்.

நானும் ஜவுளிக்கடைக்காரரும் அடுப்படிப் பக்கம் ஒதுங்கினோம். யோசனை சொன்னவன் நான்தான். "சுமைக்காரப் பையனோடு இவனை மனாங்குக்கு அனுப்பிவிடுவோம். நாம் மூவரும் மேலே போவோம்" என்றேன். ஜவுளிக்கடைக்காரர் உடனே தலையாட்டினார். விமான டிக்கெட், லீவு நாள், செலவான பணம் எல்லாம் எங்கள் பக்கம் சாட்சி சொல்லின. தலைமையாசிரியர் எங்களுக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்:

"ஊரிலே இவன் சம்சாரத்திடம் இதை யார் சொல்வது? நீயா, அவனா?"

நாங்கள் இருவரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலையில் எல்லோரும் கீழே இறங்குவது என்று தீர்மானமாயிற்று. மூட்டைகளைப் பங்கிடும்போதுதான், சுமைக்காரப் பையன் நெற்றிப்பட்டையைத் தலையில் மாட்ட முடியாமல் முகம் சுளிப்பதைத் தலைமையாசிரியர் பார்த்தார். அரைகுறை ஹிந்தியில் விசாரித்தார். அவனுக்கும் இரண்டு நாளாகத் தலைவலி. இரவில் அவனும் வாந்தி எடுத்திருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில்: "சொன்னால் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவீர்கள்."

நோயாளியை ஒப்படைக்க நான் தேர்ந்தெடுத்த துணை இன்னொரு நோயாளி! அவனைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நாங்கள் நான்கு பேர் என்றுதான் அதுவரை எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மையில் ஐந்து பேர்.

மனாங்கில் இமாலய மீட்புச் சங்கத்தின் வைத்திய நிலையம் இருக்கிறது. 1973-இல் தொடங்கிய சங்கம் அது. நடைக்காலத்தில் பிற்பகல்தோறும் அங்கே டாக்டர்கள் மலைநோயைப் பற்றி விளக்கிப் பேசுவார்கள். போகும்போது அந்தப் பேச்சுக்குப் போகாமல் ரொட்டிக்கடையில் ஆப்பிள் பலகாரம் தின்றுகொண்டிருந்த நாங்கள், இப்போது அடக்கமாக முன்வரிசையில் உட்கார்ந்தோம். மூன்று நாள் தங்கினோம். இருவருக்கும் குணமாயிற்று. பிறகு மறுபடியும் ஏறினோம். கணக்கர் எல்லோருக்கும் முன்னால், பையன் பாதிச் சுமையோடு அவருக்குப் பின்னால், மற்றவர்கள் அவர்கள் காலடியைப் பார்த்து நடந்தோம். மெதுவாக நடக்கிறவனை முன்னால் விட்டுவிட்டால் அப்புறம் யாரும் பின்தங்குவதில்லை. இது எத்தனை சின்ன ஏற்பாடு! விமான டிக்கெட் போயிற்று. லீவு மிஞ்சியதற்கு இரண்டு பேர் வசவு வாங்கினார்கள். ஐந்து பேரும் முக்திநாத்தில் இறங்கினோம்.

ஆகவே நான் யோக்கியன் என்று சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு யோக்கியர் இருந்ததால் தப்பியவன் என்று சொல்கிறேன்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. 1997-இல் நேபாளத்துச் சுமைக்காரர் ஒருவர் இதே தோராங் லா பாதையில் மலைநோயில் விழுந்தார். அவரை அமர்த்தியவர்கள் கூலியைக் கொடுத்துத் தனியாகக் கீழே அனுப்பினார்கள். அவர் இறந்துபோனார். அந்தச் சாவைக் கண்டு மனம் பொறாதவர்கள்தான் சுமைக்காரர்களின் பாதுகாப்புக்கென்று சர்வதேச அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். அன்று அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் கணவாயில் படம் எடுத்துக்கொண்டார்களோ, தெரியாது. ஆள் குறைந்திருக்கிறது என்று யாருக்கும் தோன்றியிராது. அவர்கள் கணக்கில் அவர் இல்லவே இல்லையே!

இந்த அன்னபூர்ணாவின் சிகரத்துக்கே ஒரு கதை உண்டு. 1950-ஆம் வருஷம் ஜூன் 3-ஆம் தேதி, மோரிஸ் எர்ஸோக், லூயி லாஷெனால் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் அதன் உச்சியில் நின்றார்கள். 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றில் மனிதன் கால் வைத்தது அதுவே முதல் தடவை. எர்ஸோக் எழுதிய புத்தகம் உலகமெங்கும் விற்றது. அவர் பெயர் நிலைத்தது. லாஷெனால் மலைவழிகாட்டித் தொழில் செய்தவர். அவருக்குக் கால்தான் சோறு. கால் மரத்துப்போவதை வழியிலேயே உணர்ந்தார். நான் திரும்பினால் நீ என்ன செய்வாய் என்று தோழரைக் கேட்டார். தனியாகப் போவேன் என்றார் எர்ஸோக். லாஷெனாலும் கூடவே போனார். தனியாக விட்டால் அவர் திரும்பமாட்டார் என்பதற்காகவே போனேன் என்று தம் குறிப்புகளில் எழுதிவைத்தார். அந்தக் குறிப்புகள் முழுமையாக வெளிவந்ததோ 1996-இல். அவர் இறந்து 41 வருஷம் கழித்து.

மேல் முகாமில் லியோனெல் தெரே, காஸ்தோன் ரெபுஃபா என்ற வேறு இருவர் மறுநாள் உச்சிக்குப் போகத் தயாராக இருந்தார்கள். தோழர்கள் கையும் காலும் உறைந்து வந்ததைப் பார்த்ததும் தங்கள் முறையைத் தூக்கி எறிந்தார்கள். இரவெல்லாம் கையையும் காலையும் தேய்த்துவிட்டு, விடிந்ததும் அவர்களை இறக்கிக்கொண்டு வந்தார்கள். பிறகு கீழே கொண்டுவந்து சேர்த்தது ஷெர்பாக்களின் முதுகு. லாஷெனாலுக்குக் கால்விரல்கள் போயின. எர்ஸோக்குக்குக் கைவிரல்களும் போயின. உயிர் மிஞ்சியது. அந்த மலையில் உச்சியைத் தொடாத இரண்டு பேரைத்தான் நான் முழுமையாகப் பிரயாணம் செய்தவர்கள் என்று சொல்வேன்.

இனி, எதிர்க்கட்சி பேசட்டும். "ஒருவனால் முடியாததற்காக நால்வர் ஏன் நஷ்டப்பட வேண்டும்? அவரவர் நடை அவரவருக்கு" என்பார்கள். நியாயமான வாதம்தான். தன் நடைதான் தனக்குப் பெரிது என்கிறவர் தனியாகப் போகட்டும். அது குற்றமே அல்ல. நல்ல தேகநிலையில் உள்ள ஒருவர் துணையாக இறங்கி, மற்றவர்கள் மேலே போவதென்று எல்லோரும் கலந்து தீர்மானித்தால், அதையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ரயிலில் ஏறும்போது "நாம்" என்று சொல்லிவிட்டு, 4,000 மீட்டரில் "நான்" என்று மாற்றிக்கொள்வதைத்தான் குறை சொல்கிறேன். சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு போகிறவர்களைக் கேளுங்கள். கன்னிசாமியைக் காட்டில் விட்டுவிட்டு முதலில் சந்நிதானம் சேர்ந்த குருசாமியை யாராவது மெச்சுவார்களா?

"அவனே போகச் சொன்னான்" என்பது இரண்டாவது வாதம். நம் வீட்டுப் பெண்கள் இதற்கு விடை அறிவார்கள். விருந்தாளி "போதும், போதும்" என்று இலையை மறைத்தால் யாராவது பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார்களா? தலை சுற்றிக் கிடப்பவன் சொல்லும் "போங்கள்" அனுமதி அல்ல, அது கூச்சம்.

"அவன்தான் சௌக்கியமாக வீடு சேர்ந்துவிட்டானே" என்பது மூன்றாவது. 2014-ஆம் வருஷம் அக்டோபர் 12-ஆம் தேதி ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. இரண்டே நாளில் அதன் மிச்சம் பனிப்புயலாகத் தோராங் லாவைச் சூழ்ந்தது. அந்த மலைப் பிரதேசத்தில் குறைந்தது 43 பேர் மாண்டார்கள். நம் வங்காள விரிகுடாவைக் கடந்து வந்த காற்று அங்கே போய் ஆளைக் கொல்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் சௌக்கியமாகச் சேர்வது அதிர்ஷ்டத்தின் வேலை. அதற்கு அந்த நால்வர் பெருமை கொண்டாட முடியாது.

படத்தைப் பார்த்த அன்று இரவு, ஐந்தாவது ஆசாமியை டெலிபோனில் கூப்பிட்டேன். எனக்கும் கொஞ்சம் பழக்கமானவர். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். நன்றாக இருப்பதாகச் சொன்னார். ஜீப்பில் வந்ததைப் பற்றியோ, வழியில் இரண்டு தடவை இறங்கி வாந்தி எடுத்ததைப் பற்றியோ நான் கேட்கிறவரையில் பேசவில்லை. கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்:

"அவர்களுக்கு ரொம்பத் தொந்தரவு கொடுத்துவிட்டேன், சார். என்னால் அவர்களுக்கு ஒரு நாள் வீணாகிவிட்டது."

மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் படத்தில் கையை உயர்த்தி நிற்கிறார்கள். கேட்கிறவரோ படத்தில் இல்லாதவர்.