வாயில்லா உயிரின் நோவு

நாயையும் பூனையையும் நம்மவர் ‘வாயில்லாப் பிராணி’ என வழங்குவர். இவ்வழக்கு இரக்கத்தாற் பிறந்ததே; ஆயினும் நம்மை ஏமாற்றவும் வல்லது. முறையிடாத உயிர்க்கு நோவும் இல்லையென்று எளிதில் எண்ணிவிடுகின்றோம். அவ்வெண்ணம் பிழையென்பதும், வளர்ப்புயிரின் நோவைத் தணிப்பித்தல் வளர்ப்போர் கடமையென்பதும் எமது கருத்து.

நோவை ஆராயும் அனைத்துலகச் சங்கத்தார் 2020ஆம் ஆண்டில் நோவின் இலக்கணத்தைத் திருத்தியபொழுது, வாய்மொழி நோவைப் புலப்படுத்தும் வழிகள் பலவற்றுள் ஒன்றே என்றனர். சொல்ல இயலாமை கொண்டு, மனிதர்க்காயினும் விலங்குக்காயினும் நோவில்லையெனத் துணிதல் ஆகாதென்றும் தெளிவுறுத்தினர். ஆதலின் நாம் அறியவேண்டுவது, விலங்கு தன் நோவை எவ்வாறு காட்டுகின்றது என்பதே.

நோவு இருவகைத்து. எலும்புமுறிவு, புண், அறுவை முதலியவற்றால் திடீரென வருவது ஒன்று. திங்கட்கணக்காய் நின்று வருத்துவது மற்றொன்று. முன்னையதைப் பெரும்பாலும் அலறலாலும் நொண்டலாலும் அறிவோம். பின்னையதோ மறைந்து நிற்பது. மூட்டுத் தேய்ந்த முதுநாய் அலறுவதில்லை, படியேறத் தயங்கும், எழுங்கால் விறைத்து நிற்கும், தொட்டாற் சீறும். பூனையோ உயரத் தாவுதலையும் தன் மயிரை நக்கித் தூய்மை செய்தலையும் குறைத்துவிடும். இவற்றைக் கண்டும், ‘கிழடாயிற்று, அப்படித்தான் இருக்கும்’ என்று வாளாவிருக்கின்றோம். முதுமை நோயன்று; மூட்டழற்சி நோய். அதனைத் தணிக்க மருத்துவமும் உண்டு.

2019ஆம் ஆண்டில் கனடாவின் மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தார், பூனையின் முகங்கண்டு நோவளக்கும் அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர். காது, கண், முகவாய், மீசை, தலையின் நிலை ஆகிய ஐந்தனையும் நோக்கி மதிப்பிடுவது அதன் முறை. அறுவைக்கு முன்னரே நோவடக்கும் மருந்தளித்தலும், வெவ்வேறு வழியில் தொழிற்படும் மருந்துகளைச் சேர்த்தளித்தலும் இன்று மருத்துவர் கைக்கொள்ளும் நெறிகள். மூட்டுநோவுக்கு மருந்தோடு, உடற்பருமனைக் குறைத்தல், அளவான நடை, மெத்தென்ற படுக்கை, வழுக்காத தரை ஆகியனவும் வேண்டப்படும். இவை மிகுந்த செலவின்றி எவரும் செய்யத்தக்கன.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. அன்பு மிகுதியால், தாம் உண்ணும் மாத்திரையைத் தாமே கொடுப்பாரும் உளர். பாரசிட்டமாலை மாற்றி வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரு மாத்திரையே அதன் உயிரைப் போக்கவல்லது. ஐபுபுரூஃபன் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆடுமாடுகளுக்கு நோவடக்கத் தந்த டைக்குளோஃபினாக், அவற்றின் பிணந்தின்ற கழுகுகளைக் கொன்றொழித்தமையால், 2006ஆம் ஆண்டில் இந்திய அரசினர் அதனைக் கால்நடைகட்கு வழங்கலாகாதெனத் தடுத்தனர். ஓருயிர்க்கு மருந்து மற்றோருயிர்க்கு நஞ்சாம். ஆகவே மருந்தும் அளவும் மருத்துவர் வரையறுக்க வேண்டுவன.

‘மனிதர்க்கே மருந்து கிட்டாத நாட்டில் நாய்க்கு மருத்துவமோ?’ என வினவுவார் உளர். வினா தள்ளத்தக்கதன்று. ஆயினும் கழுத்திற் பட்டையிட்டுக் கட்டிவைத்த உயிர், தன் நோவுக்குத் தானே வழிதேடிச் செல்ல இயலாது. அதனைக் கட்டிய கையே அதற்குக் கடன்பட்டது. பொருளில்லார்க்கு அரசினர் கால்நடை மருந்தகங்கள் உள. 1903ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் வேப்பேரியில் உளது.

அன்பர்களே, இன்று வீடு சென்றதும் உங்கள் நாய் எழுந்து வருதலைச் சற்றே உற்று நோக்குமின். சென்ற ஆண்டு ஓடிவந்தது இவ்வாண்டு மெல்ல நடந்து வருமாயின், காரணத்தை மருத்துவரிடம் கேட்டறிமின்.