தூக்கத்தைத் திருடிக் கனவு விற்கிறார்கள்

தலைப்பு காட்டமா இருக்கேன்னு பார்க்காதீங்க. இதைவிடக் காட்டமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். தங்கமணி படித்துவிட்டு நாலு வரியை வெட்டச் சொன்னதால் இந்த அளவோடு நிற்கிறது.

ஹைதராபாத்தில் கொஞ்ச நாளாவது குப்பை கொட்டியவர்களுக்கு அமீர்பேட்டை மைத்ரிவனம் பக்கம் தெரிந்திருக்கும். ஜாவா, ஆரக்கிள், எஸ்.ஏ.பி., டெஸ்டிங் என்று சுவர் தெரியாமல் போர்டு. ஐந்து நிமிஷம் நடந்தால் கையில் பத்து நோட்டீஸ். அந்த வம்சத்தில் வந்த ஒன்று இப்போது கொண்டாப்பூரில் எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கிறது. கனவுகளை ஆளலாம், தூங்கும்போதே படிக்கலாம், இரண்டு நாள் பட்டறை, வயது 14 முதல், கட்டணம் 4,500 ரூபாய். இன்டர் படிக்கிற பிள்ளைகளுக்குத் தள்ளுபடி வேறு. (ஊரில் இருப்பவர்களுக்கு: இங்கே இன்டர் என்றால் நம்ம பிளஸ் ஒன், பிளஸ் டூ.)

லூசிட் ட்ரீமிங் என்கிறார்கள் இதை. கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே, "அட, இது கனவு" என்று உள்ளுக்குள் உறைப்பது. உறைத்த பிறகும் முழிக்காமல் கனவுக்குள்ளேயே இருப்பது. சிலருக்குக் கதையைக் கொஞ்சம் திருப்பவும் முடியும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "சார் எல்லாத்தையும் டுபாக்கூர்னு சொல்றார்" என்று அசோசியேஷன் குரூப்பில் கிளப்பிவிடுவார்கள். இந்தச் சமாசாரம் பொய் இல்லை. 1975 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பவர் இதை ஆய்வகத்தில் பதிவு செய்தார். கனவு மிகுந்து வருகிற ரெம் தூக்கத்தில் உடம்புத் தசைகள் செயலற்றுக் கிடக்கும், கண் மட்டும் அசையும். அதனால் ஆலன் வொர்ஸ்லி என்ற கனவுக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்கள்: கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடம் வலமாக இத்தனை முறை ஆட்டு. ஆள் தூங்கிக்கொண்டே ஆட்டினார், காகிதத்தில் கோடு விழுந்தது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் தனியாக இதையே செய்து 1981-இல் வெளியிட்டார். எத்தனை அழகான யோசனை பாருங்கள்! கட்டிப்போட்ட ஆள் கண்ணால் ஜாடை காட்டுகிற மாதிரி.

ஆக, விஷயம் நிஜம். என் சண்டை அதை விற்கிறவர்களோடுதான்.

"தூங்கும்போதே படிக்கலாம்" என்ற வரியை எடுத்துக்கொள்வோம். கனவா நனவா என்று சோதித்துப் பார்க்க இந்தக் கலையில் சொல்லித்தருகிற பழைய வழி என்ன தெரியுமா? எழுத்தைப் படி, முகத்தைத் திருப்பிக்கொள், மறுபடி படி. கனவாக இருந்தால் பெரும்பாலும் எழுத்து மாறியிருக்கும். கடை போர்டு வேறு பேர் காட்டும், டிஜிட்டல் கடிகாரம் கண்டபடி உளறும். கனவில் எழுத்து நிலைக்காது என்பதை வைத்துத்தான் அது கனவு என்று கண்டுபிடிக்கவே சொல்கிறார்கள்! அந்தக் கனவுக்குள் உட்கார்ந்து எங்கள் வீட்டுப் பெண் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி படிக்க வேண்டுமாம். படிக்காத பாடம் கனவுப் புத்தகத்தில் எங்கிருந்து அச்சாகும்? நம் தலையில் இருப்பதுதானே அங்கே சரக்கு?

இன்னொரு கணக்கு. 2021-இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து என்று நாலு நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டன. கனவில் இருப்பவரிடம் வெளியிலிருந்து கேள்வி கேட்பது, அவர் கண் அசைவாலோ முகத் தசையாலோ பதில் சொல்வது. 36 பேர். தெளிவோடு கனவு காண்பதாக உறுதியான நேரம் பார்த்து 158 முறை கேட்டார்கள். சரியான பதில் வந்தது சுமார் 18 சதவீதம். 60 சதவீதத்துக்குப் பதிலே வரவில்லை. கேட்ட கேள்விகளில் ஒன்று, எட்டில் ஆறு போனால் எத்தனை. இதையே பெரிய சாதனை என்று உலகம் கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். எட்டில் ஆறைக் கழித்ததற்கு அங்கே கைதட்டல், இங்கே நம்ம ஆள் ஜே.ஈ.ஈ. ரேங்க் விற்கிறார்.

கனவில் பயிற்சி செய்தால் பலன் இல்லவே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. 2010-இல் ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சின்னக் குழுவை வைத்துப் பார்த்தார்கள். கோப்பைக்குள் காசை வீசிப் போடுகிற பயிற்சியைக் கனவில் செய்தவர்களுக்குக் காலையில் குறி தேறியிருந்தது. கை பழகிய வேலை அது. கேரம் ஆடுகிற பையனுக்கு உதவலாம். ஐ.ஐ.டி.க்கு உதவாது.

இதெல்லாம் வெறும் ஏமாற்று என்றால் 4,500 ரூபாயோடு போகட்டும் என்று விட்டிருப்பேன். நாம் ஏமாறாத கோர்ஸா? எனக்கு வயிறு எரிவது வேறு இடத்தில். நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: "பங்கேற்பாளர்கள் 21 நாள் அதிகாலை 3 மணி அலாரம் வைக்க வேண்டும்."

இந்த முறையும் அவர் கண்டுபிடித்தது இல்லை. ஐந்து மணி நேரம் தூங்கி, எழுந்து, கொஞ்ச நேரம் விழித்திருந்து, "அடுத்த கனவில் இது கனவு என்று நினைவு வர வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி தூங்குவது. ஆஸ்திரேலியாவில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வாரம் இப்படிச் செய்தவர்களுக்குச் சுமார் 17 சதவீத இரவுகளில் பலித்தது. சரி. ஆனால் அந்த "மறுபடி தூங்குவது" என்ற பாதி யாருக்கு வாய்க்கும்? பத்து மணிக்குப் படுத்து, மூன்றுக்கு எழுந்து, திரும்ப ஏழரை வரை இழுத்துப் போர்த்திக்கொள்ள முடிகிறவனுக்கு. நம் வீடுகளில் அப்படி யார் இருக்கிறார்கள்? அப்பா ராத்திரி பதினொன்றரைக்கு அமெரிக்கக் காலில் "கேன் யூ ஹியர் மீ" சொல்லிக்கொண்டிருக்கிறார். பிள்ளை பன்னிரண்டு வரை அசைன்மென்ட் எழுதுகிறது. காலை ஆறரைக்குக் காலேஜ் பஸ். இந்தப் பிள்ளையை மூன்று மணிக்கு எழுப்பினால் மிச்சம் என்ன இருக்கும்?

இதில் இருக்கிற கொடூரமான நகைச்சுவையைக் கவனியுங்கள். தூக்கம் சுமார் தொண்ணூறு நிமிஷச் சுற்றுகளாக ஓடுகிறது. முதல் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், ரெம் கொஞ்சம்தான். விடியவிடிய ரெம் நீளும். இரவின் கடைசி மூன்றில் ஒரு பங்குதான் கனவுக்கு நல்ல நேரம். ஐந்து மணி நேரத்தில் எழுந்துவிடுகிறவர்கள் வெட்டி எறிவது சரியாக அந்தப் பகுதியைத்தான். அதாவது கனவு வரும் நேரத்தை இழந்தவர்களிடம் போய், கனவை ஆள்வது எப்படி என்று விற்கிறார்கள். வாய்க்காலை அடைத்துவிட்டு நீச்சல் சொல்லித் தருகிற மாதிரி.

13 முதல் 18 வயதுக்காரர்களுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் சொன்னது. பத்து மணி நேரமா, எங்க ஊரு சோம்பேறி கூட அவ்வளவு தூங்க மாட்டானே என்று நம் தாத்தா தலைமுறை சிரிக்கும். அந்தச் சிரிப்பைத்தான் நாமும் பிள்ளைகளிடம் சிரித்துக்கொண்டிருக்கிறோம். கலாம் ஐயா கனவு காணச் சொன்னதை நம்ம வீடுகளில் எப்படிப் புரிந்துகொண்டோம் என்பதும் தெரிந்ததே. அவர் 1982-இல் இதே ஹைதராபாத்துக்கு டி.ஆர்.டி.எல். இயக்குநராக வந்தவர். அவர் சொன்ன கனவுக்கு முழித்திருந்து உழைக்கணும், சரி. அதற்காக ராத்திரி வருகிற கனவும் டார்கெட் கொடுத்து வேலை வாங்க வேண்டிய ஆளாகிவிடுமா?

அப்புறம் "நம் முன்னோர்" பாட்டு. இது இல்லாமல் எந்தப் பட்டறையும் நடக்காது. மாண்டூக்ய உபநிடதம் விழிப்பு, கனவு, ஆழ்ந்த தூக்கம் இவற்றோடு நான்காவதாக ஒன்றையும் பேசுகிறது உண்மை. நரோபாவின் பெயரால் திபெத்தில் வழங்கும் ஆறு யோகங்களில் கனவு யோகமும் ஒன்று, அதுவும் உண்மை. ஆனால் அவர்கள் தேடியது வேறு. பகலில் பார்க்கிற இதுவும் கனவு மாதிரிதானோ என்ற சந்தேகத்தை ஆழமாக்க அந்தப் பயிற்சி. அந்தச் சந்தேகம் வந்தவன் எதற்கு ரேங்குக்கு அலையப் போகிறான்? :-)

முன்னோர் வேண்டுமென்றால் என்னிடமும் ஒருத்தி இருக்கிறாள். திருக்குறள் காமத்துப்பாலில் 122-வது அதிகாரம், கனவுநிலை உரைத்தல். ஊர்விட்டுப் போனவனை நினைத்து ஒரு பெண் பேசுகிற பத்துக் குறள்கள். ஒன்றில், என் கண்கள் நான் கெஞ்சியதைக் கேட்டுத் தூங்கினால், கனவில் அவனிடம் இதைச் சொல்வேன் என்கிறாள். தூங்குவதற்கு முன்பே கனவில் என்ன பேசுவது என்று தீர்மானித்து வைக்கிறாள் பாருங்கள். இன்னொன்றில், இந்த நனவு என்ற ஒன்று மட்டும் இல்லாவிட்டால் கனவில் வந்தவன் பிரிந்து போகவே மாட்டானே என்கிறாள். வள்ளுவர் லூசிட் ட்ரீமிங்கைக் கண்டுபிடித்தார் என்று யாரும் ஃபார்வர்டு போட்டுவிடாதீர்கள், புண்ணியமாப் போகும். நான் சொல்ல வருவது, அவள் கனவிடம் ரிசல்ட் கேட்கவில்லை. அவனோடு இருக்கக் கொஞ்ச நேரம் கேட்கிறாள்.

ஊரைவிட்டு வந்தவர்களுக்கு இது புரியும். இத்தனை வருஷம் ஆகியும் என் கனவுகளில் ஹைதராபாத் வந்ததே கிடையாது. எல்லாக் கனவும் விற்றுப்போன எங்கள் மன்னார்குடி வீட்டில்தான் நடக்கும். ஆபீஸ் மேனேஜர் வந்தால்கூட எங்கள் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார். நாலைந்து வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, அப்பா கொல்லையில் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். அவர் இறந்துவிட்டாரே என்று தோன்றியது, அப்போ இது கனவு என்றும் தெரிந்தது. எந்தப் பட்டறைக்கும் போகாமல், நன்றாகத் தூங்கியதால் தானாக வந்தது. பறந்திருக்கலாமாம், நியூயார்க் போயிருக்கலாமாம். நான் கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்தேன். அவர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, "எப்படா வந்தே, சாப்ட்டியா?" என்றார். அவ்வளவுதான். அதை நான் கட்டுப்படுத்தியிருந்தால் அவர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். நான் கேட்க வைத்த மாதிரி ஆகியிருக்கும்.

கட்டுப்பாடு உண்மையாகவே வேண்டியவர்களும் உண்டு, அவர்களை இந்த நோட்டீஸ் கண்டுகொள்ளவே இல்லை. திரும்பத் திரும்ப ஒரே கெட்ட கனவு வந்து, தூங்கவே பயப்படுகிறவர்கள். அவர்களுக்கு முதலில் சொல்லப்படுவது பகலிலேயே செய்கிற வைத்தியம்: அந்தக் கனவை எழுதி, முடிவை மாற்றி, மாற்றிய கதையைத் தினமும் மனதில் ஓட்டிப் பார்ப்பது. லூசிட் ட்ரீமிங் சிகிச்சையையும் பயன்படுத்தலாம் என்று அதே அகாடமி 2018-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் அது மருத்துவர் பார்த்துச் செய்கிற வேலை, கம்யூனிட்டி ஹாலில் ஜமுக்காளம் விரித்துச் செய்வது இல்லை. எது நிஜம் எது பிரமை என்ற குழப்பம் ஏற்கெனவே உள்ளவர்கள் இதன் பக்கமே தானாகப் போகக் கூடாது. இதற்கென்று இணையத்தில் சிபாரிசு ஆகும் கலான்டமின் மாத்திரை, அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுப்பது. ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறது, குமட்டலும் தெரிந்திருக்கிறது. டாக்டர் சீட்டில்லாமல் தொடாதீர்கள்.

அசோசியேஷன் செயலாளர் நல்ல மனுஷர். "மீரு எந்துகு சார் டென்ஷன், பிள்ளைங்க இன்ட்ரஸ்டா இருக்காங்க" என்று பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகக் கேட்டார். வயது 14 என்பதையும் 3 மணி அலாரத்தையும் எடுத்தால் ஹாலைக் கொடுங்கள், இல்லாவிட்டால் கூடாது என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன். இதுவரை என்னோடு ஆறு வீடு கையெழுத்துப் போட்டிருக்கிறது. நம்ம தமிழ்க் குடும்பங்கள் அதில் இரண்டுதான். மீதிப் பேர் "பார்க்கலாம் சார்" என்கிறார்கள், அதில் மூன்று பேர் பணம் கட்டிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

பி.கு: நடு ராத்திரியில் முழிப்பு வந்து, கைகால் அசையாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருந்தால் பயப்படாதீர்கள். நம்ம பாட்டிகள் அமுக்குவான் பேய் என்பார்களே, அதுதான். ரெம் தூக்கத்தின் தசைக்கட்டு அவிழும் முன்னே மூளை முழித்துக்கொண்டது. சில நொடியோ சில நிமிஷமோ, தானாகப் போய்விடும். தூக்கம் குறைந்தவர்களுக்கும் நேரம் தவறித் தூங்குகிறவர்களுக்கும் அதிகம் வரும். 3 மணி அலாரம் வைக்கிற வீடுகள் இதையும் பிள்ளைகளிடம் முன்கூட்டிச் சொல்லி வைக்கவும்.