இருபது லட்சம் பேர் இருந்தால்தான் நகரமா?

கோவைக்கும் மதுரைக்கும் மெட்ரோ ரயில் கேட்டு தமிழக அரசு அனுப்பிய திட்ட அறிக்கைகளை 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. கோவைத் திட்டத்தின் மதிப்பு 10,740 கோடி ரூபாய். மதுரைத் திட்டம் 11,300 கோடியைத் தாண்டும். 2017ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் கொள்கைப்படி நகரத்தின் மக்கள்தொகை 20 லட்சம் இருக்க வேண்டும், இவ்விரண்டு நகரங்களிலும் அது இல்லை என்பது சொல்லப்பட்ட முக்கியக் காரணம். பழிவாங்கல் என்றது ஒரு தரப்பு, அறிக்கையே சரியில்லை என்றது இன்னொரு தரப்பு. தினமும் பேருந்து நிறுத்தத்தில் காத்து நிற்பவர்களுக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வி இந்தச் சண்டையில் காணாமல் போனது.

முதலில் அந்த 20 லட்சக் கணக்கைப் பார்ப்போம். அது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துப் போடப்பட்டது. மாநகராட்சி எல்லையை மட்டும் எண்ணினால் கோவையில் ஏறக்குறைய 16 லட்சம் பேர். புறநகர்களையும் சேர்த்த நகர்ப்புறத் தொகுப்பை எடுத்தால் அதே 2011லேயே 21 லட்சத்தைத் தாண்டிவிட்டது. எந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. ஆக்ராவும் போபாலும் புறநகர்களைச் சேர்த்தாலும் அந்தக் கணக்கெடுப்பில் 20 லட்சத்தைத் தொடவில்லை. ஆனாலும் 2018இல் போபாலுக்கும் 2019இல் ஆக்ராவுக்கும் ஒப்புதல் கிடைத்தது. இரண்டுமே கொள்கை வந்த பிறகு நடந்தவை. விதி ஒன்றாக இருக்க, அதை வளைப்பதும் இறுக்குவதும் டெல்லியின் விருப்பம் என்றால் அதைக் கொள்கை என்று எப்படிச் சொல்வது?

அதற்காக ஒன்றிய அரசு எழுப்பிய எல்லாக் கேள்விகளையும் ஒதுக்கிவிட முடியாது. சென்னை முதல் கட்ட மெட்ரோவைவிட நீளம் குறைந்த கோவைப் பாதையில் சென்னையைவிட அதிகப் பயணிகள் வருவார்கள் என்று அறிக்கை கணித்தது எப்படி என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மாநில அரசு இதற்கு மேடையில் பதில் சொல்லாமல் கணக்கோடு பதில் சொல்ல வேண்டும். கடன் வாங்கிக் கட்டப்படும் ரயில் காலியாக ஓடினால் அந்தக் கடனை அடைப்பது நம் பிள்ளைகள்.

இந்த விவாதத்தில் பலரும் தொடாத இடம் ஒன்று உண்டு. ஒரு நகரம் எதைக் கேட்க வேண்டும் என்பதைப் பணம் வருகிற வழியே தீர்மானித்துவிடுகிறது. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஒன்றிய அமைச்சரவையின் ஒப்புதல் 2024 அக்டோபரில்தான் வந்தது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் பெரும் சுமையை மாநிலமே தாங்கியது. வெளிநாட்டுக் கடன்களும் மாநிலத்தின் கணக்கில்தான் ஏறின. அந்தப் பணம் வேறு எதற்கெல்லாம் போயிருக்கலாம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

பேருந்துக்கு வருவோம். நாடு முழுவதும் 10,000 மின்சாரப் பேருந்துகளை இயக்க 2023 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திட்டத்தின் மொத்த மதிப்பு 57,613 கோடி. அதில் ஒன்றிய அரசின் பங்கு 20,000 கோடி. அதாவது சென்னை என்ற ஒரே நகரத்தின் ஒரே மெட்ரோ கட்டத்துக்கு ஆகும் செலவு, இந்தியா முழுமைக்குமான இந்தப் பேருந்துத் திட்டத்தைவிட அதிகம். பேருந்து கேட்டால் சில்லறை, ரயில் கேட்டால் ஆயிரம் கோடிகள் என்று இருந்தால் எந்த மாநில அரசும் ரயிலைத்தான் கேட்கும்.

கோவையில் முன்மொழியப்பட்ட பாதைகளில் ஒன்று உக்கடத்தில் தொடங்கி அவிநாசி சாலை வழியாக நீலாம்பூர் போகிறது. விமான நிலையத்துக்கும் கல்லூரிகளுக்கும் போகிறவர்களுக்கு நல்லது. உக்கடத்துக்குத் தெற்கே கரும்புக்கடை, குனியமுத்தூர் பகுதிகளில் இருந்து காலையில் வேலைக்கும் கல்லூரிக்கும் கிளம்பும் பெண்களுக்கு முதல் தேவை நேரத்துக்கு வரும் நகரப் பேருந்து. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தத் தொகையைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுசெய்வது மாநில அரசு. வீட்டைவிட்டு வெளியே போய்ப் படிக்கவும் சம்பாதிக்கவும் எத்தனை குடும்பங்களுக்கு இது கைகொடுத்தது என்பதை நம் தெருக்களிலேயே பார்க்கிறோம். ஆனால் பேருந்து வந்தால்தானே இலவசம்!

பெட்ரோல், டீசல் போடும்போதெல்லாம் சாலை, உள்கட்டமைப்பு செஸ் என்று நாம் கட்டுகிறோம். செஸ் வருவாய் மாநிலங்களோடு பகிர வேண்டிய வரித் தொகுப்பில் சேர்வதில்லை. அது முழுவதும் டெல்லியிடமே தங்கி, திட்டங்களாகவும் நிபந்தனைகளாகவும் திரும்பி வருகிறது. பாதுகாப்பு, தணிக்கை, பயணிகள் கணிப்பு ஆகியவற்றுக்கு நாடு முழுவதும் ஒரே அளவுகோல் வைப்பதை நாம் எதிர்க்கவில்லை. அந்த அளவுகோலைத் தாண்டிய நகரத்துக்கு இவ்வளவு தொகை என்று ஒதுக்கிவிட்டு, அதில் மெட்ரோவா, தனிப்பாதைப் பேருந்தா, இரண்டுமா என்பதை அந்த நகரமே முடிவுசெய்ய விட வேண்டும் என்கிறோம். அப்படி முடிவெடுக்கும் இடத்தில் மாநகராட்சி மன்றத்துக்கும் வாய் இருக்க வேண்டும். இப்போதைய நிலையில் சென்னைக் கோட்டையும் கோவையைக் கேட்காமலேதான் தீர்மானிக்கிறது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான தேதி 2027 மார்ச் 1. அதற்குப் பிறகு கோவையின் எண்ணிக்கை மாறி, கதவு திறக்கவும் கூடும். புறநகர்களோடு சேர்த்தும் 2011இல் 15 லட்சத்துக்குள்தான் இருந்த மதுரைக்கு அப்போதும் அதே 20 லட்சம் குறுக்கே நிற்கலாம். மதுரைக்கு மெட்ரோ வேண்டாம், பேருந்துதான் பொருத்தம் என்பதே டெல்லியின் முடிவு என்றால், அந்தப் பேருந்துகளுக்கும் அவற்றுக்கான தனிப்பாதைக்கும் எவ்வளவு தருவார்கள், எப்போது தருவார்கள் என்று மதுரையின் மக்களவை உறுப்பினரும் சட்டமன்ற உறுப்பினர்களும் இப்போதே எழுதிக் கேட்கலாம்.