சோதனை விரலுக்கா, அறிவுக்கா?

கையில் ஏந்தி ஓடினாலும் கால்பந்து என்றே அமெரிக்கர் அழைக்கும் அந்த ஆட்டத்தைத் திரையில் ஆட இரண்டு பொத்தான்கள் போதும் என்றொரு காலம் இருந்தது. 1989இல் நின்டெண்டோவுக்கு வந்த டெக்மோ பவுலில் தாக்கும் அணிக்கு நான்கே வியூகங்கள். தடுப்பவர் அதே வியூகத்தை ஊகித்துவிட்டால் தாக்குதல் அங்கேயே சரிந்தது. எதிராளியின் மனத்தைப் படிப்பதே சவால். விரல் வெறும் ஏவலாள்.

மேடன் வரிசையோ மெய்ம்மையைத் தேடிப் பொத்தான்களின் வேலையைப் பெருக்கியது. 2005இல் வெளிவந்த மேடன் 06, பந்தெறிபவரின் பார்வையை ஓர் ஒளிக்கூம்பாக்கிற்று. கூம்பைப் பந்து பெறுபவர்மீது திருப்பாமல் எறிந்தால் குறி பிசகும். அழகான கற்பனைதான். ஆனால் கண் செய்வதைக் கட்டைவிரல் செய்ய வேண்டியதாயிற்று. பலர் சலித்துக்கொண்டனர் (நாமும்தான்); பின்னாளில் அது கைவிடப்பட்டது.

2017இன் மேடன் 18, பார்வைக் குறைபாடு உடையோர்க்குக் கைக்கருவியின் அதிர்வு வழியே ஆட்டத்தின் குறிப்புகளை உணர்த்தத் தொடங்கியது. இதைச் சலுகை என்று முகம் சுளிப்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. கண்ணாடி அணிந்து படித்தவன் நூலைக் குறைவாகப் படித்தவன் ஆகிவிடுவானா? குறை வேறிடத்தில் இருக்கிறது. விரல் நடுங்குபவரையும் ஒரு கையால் ஆடுபவரையும் நொடிப்பொழுதில் பல பொத்தான்களைத் தேட வைப்பதில் எந்தக் கால்பந்து அறிவு சோதிக்கப்படுகிறது என்பதுதான் நமக்கு இன்னும் விளங்கவில்லை.