சிங்க் முதலில், கல்லில் ஓட்டை பிறகு!

வீடு கட்டும்போது பூஜை அறை எந்தப் பக்கம், ஹாலுக்கு என்ன வர்ணம் என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். பாத்திரம் தேய்க்கும் சிங்க் விஷயத்தை மட்டும் மேஸ்திரியும் வீட்டுக்காரரும் வாசலில் நின்றபடியே இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். அதன் முன்னால் இருபது வருஷம் நிற்கப் போகிறவள் யார்? நாம்தானே! அதனால் இந்த முறை, சமையல் மேடைக் கல்லில் சிங்க் பதிப்பது பற்றிப் பேசுவோம், சகோதரிகளே.

முதல் விதி இதுதான். சிங்க் வீட்டுக்கு வந்து சேராமல் கல்லில் கை வைக்க விடாதீர்கள். "24க்கு 18 தானேம்மா, எல்லாம் ஒரே சைஸ்தான், வெட்டி வச்சுடறேன்" என்பார் மேஸ்திரி. விளிம்பின் அகலமும் மூலையின் வளைவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சுவர் தப்பாகப் போனால் இடித்துக் கட்டலாம். கல்லில் போட்ட ஓட்டையைச் சின்னதாக்க முடியுமா?

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இப்படித்தான் ஆயிற்று. போனில் சொன்ன அளவுக்குக் கல்லை வெட்டி வைத்தார்கள். பிறகு வந்த சிங்க்கின் விளிம்பு ஒரு பக்கம் உட்காரவே இல்லை. இடைவெளியை வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். வெள்ளை சிமெண்ட் ஸ்டீலோடு ஒட்டாது. சூடான கஞ்சி கொட்டும்போது ஸ்டீல் விரியும், ஆறினால் சுருங்கும், சிமெண்ட் அதே அளவுக்கு விரியாது. நாலே மாதத்தில் மயிரிழை விரிசல் விட்டு, அதன் வழியே தண்ணீர் இறங்கி, கீழே அலமாரிக் கதவு ஊறி உப்பி, ஒரே கரப்பான்பூச்சி. கைக்குழந்தை உள்ள வீடு. பால் புட்டியை எங்கே வைப்பது என்று அந்தப் பெண் தவித்துப் போனாள். கடைசியில் அந்தக் கல்லையே எடுத்துவிட்டுப் புதுக் கல் போட்டார்கள்.

சரி, எப்படி அளப்பது? மேலிருந்து இறக்கி வைக்கும் சிங்க் என்றால், நாலு பக்கமும் விளிம்பு குறைந்தது அரை அங்குலமாவது கல்மேல் உட்கார வேண்டும். வெளி அளவு 24க்கு 18 என்றால் ஓட்டை 23க்கு 17க்கு மேல் போகக்கூடாது. பெட்டிக்குள் அளவுக் காகிதம் இருந்தால் அதையே கல்மேல் ஒட்டிக் கோடு போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சிங்க்கைக் கவிழ்த்து வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு அரை அங்குலம் உள்ளே வெட்ட வேண்டும்.

முன்பக்கம் மூன்று அங்குலக் கல்லாவது மிஞ்சட்டும். அந்தப் பட்டைதான் முதலில் உடையும் இடம். மூலைகளைச் சதுரமாக வெட்டினால் அங்கிருந்துதான் விரிசல் ஓடும். நாலு மூலையிலும் முதலில் துளை போட்டு, பிறகு துளைக்குத் துளை அறுத்தால் மூலை வளைவாக வரும், கல்லும் தாங்கும்.

கல் அறுக்கும் தூசி சாதாரணத் தூசி அல்ல. கிரானைட்டில் சிலிக்கா இருக்கிறது. அதன் நுண்தூள் நுரையீரலில் போய்த் தங்கிவிடும். ஆகையால் கல் கடையிலேயே, தண்ணீர் விட்டு அறுக்கும் மெஷினில் வெட்டி வாங்குவது உத்தமம். வீட்டில்தான் வெட்ட வேண்டும் என்றால் சமையலறைக்குள் வேண்டாம், திறந்த வெளியில் செய்யட்டும். குழந்தைகளையும் இழுப்பு உள்ளவர்களையும் அந்தப் பக்கமே விடாதீர்கள். வேலை செய்கிறவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். முகத்தில் துண்டு கட்டினால் போதாது, நல்ல மாஸ்க் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது நம் இடுப்பு. மேடை, நம் முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே இருந்தால் சௌகரியம். ஆனால் சிங்க்கின் அடி அதைவிட 8, 9 அங்குலம் கீழே போய்விடுகிறது. நிமிர்ந்து நின்றபடி கையை விட்டால் விரல் நுனி அடியைத் தொட வேண்டும். குனிந்தால்தான் எட்டுகிறது என்றால் ஆழம் குறைந்ததாக வாங்குங்கள். கடைக்குப் போகும்போது வீட்டின் பெரிய குக்கரையும் கையோடு எடுத்துப் போங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்! குழாய்க்குக் கீழே குடம் நிற்குமா என்பதையும் குழாய் வைக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பதிக்கும் நாளன்று முதலில் ஒன்றும் தடவாமல் சிங்க்கை வைத்துப் பாருங்கள், ஆடக்கூடாது. பிறகு எடுத்துவிட்டு, கல்லின் ஓரத்தில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் துடைத்து உலரவிட வேண்டும். விட்டுப் போகாமல் சுற்றிலும் சிலிக்கான் பூசி, சிங்க்கை அழுத்தி உட்கார வைத்து, 24 மணி நேரம் தண்ணீர் படாமல் விடுங்கள். "சாயந்திரமே புழங்கலாம்மா" என்றால் கேட்காதீர்கள். ஒரு நாள் கொல்லைப்புறத்தில் தேய்த்துக்கொள்ளலாம், பரவாயில்லை.

கல்லுக்கு அடியில் ஒட்டும் சிங்க் இப்போது பல வீடுகளில் வந்துவிட்டது. மேடையை ஒரே துடைப்பில் துடைத்துத் தள்ளலாம், அழகுதான். ஆனால் உள்ளளவு 22க்கு 16, ஆழம் 8 அங்குலம் உள்ள தொட்டி நிரம்பினால் 46 லிட்டர், அதாவது 46 கிலோ! அதைப் பசை மட்டும் தாங்கும் என்று நம்பாதீர்கள். கீழே கம்பியோ சட்டமோ முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும்.

கூலியை முழுதும் கொடுப்பதற்கு முன் ஒரு பரீட்சை. கீழே அலமாரியில் பழைய செய்தித்தாளை விரியுங்கள். வடிகாலை அடைத்து, சிங்க்கை நிரப்பி, பத்து நிமிஷம் கழித்து ஒரேயடியாகத் திறந்து விடுங்கள். காகிதத்தில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் தெரிந்துவிடும். அப்படியே கீழ்க் குழாயில் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் சாக்கடை நாற்றமும் பூச்சியும் நேரே சமையலறைக்கு வந்துவிடும்.

காகிதம் காய்ந்தபடியே இருந்தால் மேஸ்திரிக்கு மிச்சக் கூலியோடு ஒரு டம்ளர் நல்ல காபியும் கொடுத்து அனுப்புங்கள்.