கிணற்றடி வாசல் எங்கே?

ஊர்காவற்றுறைக் கரையில் நின்றால் கடலுக்கு நடுவே ஹமன்ஹீல் கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டியது. 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். பின்னர் சிறைச்சாலையாக இருந்து, இன்று கடற்படை நடத்தும் ஹோட்டலாகியிருக்கிறது. (ஒல்லாந்தருக்கு இலங்கையின் வடிவம் பன்றித் தொடை போலத் தெரிந்ததாம், அதனால் அந்தப் பெயர். நமக்கு அது மாம்பழமாகத்தான் தெரிகிறது.) இந்தப் பக்கம் கரையில் இருக்கும் ஊருண்டிக் கோட்டைக்கு எந்த வேலையும் கிடைக்கவில்லை. அது பற்றைக்குள் இடிந்துகொண்டிருக்கிறது. ஆட்கள் புழங்குகிற கட்டடம்தான் நிற்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் பழைய கட்டடம் என்றதும் ஹோட்டலைத் தவிர வேறு எதுவும் ஏன் நம் நினைவுக்கு வருவதில்லை?

என் மாமி மகள் கொழும்பில் உள்ளக வடிவமைப்புப் படிக்கிறார். பழைய கட்டடம் ஒன்றுக்குப் புதிய பயன் கொடுக்கும் செயற்றிட்டத்துக்கு, 1990 இல் உம்மம்மா விட்டுப்போன வீட்டை எடுத்தார். கூரை இல்லை, கதவு இல்லை, நடு முற்றத்தில் வேப்பமரம். முருகைக்கல் சுவர் மட்டும் நிற்கிறது. ராத்தா அதைக் கோப்பிக் கடையாக வரைந்தார். கண்ணாடிக் கூரை, சுவரில் அலங்காரத்துக்கு மீன் வலை. ஆக்கத்திறன் மிக்கது என்று பாராட்டும் கிடைத்தது.

உம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். "எல்லாம் வடிவாத்தான் இருக்கு மகள். கிணத்தடிக்குப் போற வாசல் எங்க? நான் எங்கால போய் வுளூ எடுக்கிறது?"

ராத்தா சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. அந்த விடுமுறையில் அளவு நாடாவோடு மூன்று நாள் அந்த வீட்டிலேயே இருந்தார். நான் நாடாவின் மறுமுனையைப் பிடித்தேன். சுவரின் தடிப்பு ஒரு முழத்துக்கு மேல். சன்னல் குழியில் ஒருவர் காலை மடித்து உட்கார்ந்து படிக்கலாம். விளக்கு வைத்த மாடங்கள் புத்தகம் வைக்கப் போதும். பின்னர் யாரோ சீமெந்து பூசிய இடங்களில் மட்டும் பூச்சு உப்பி விழுந்திருந்தது. உப்புக் காற்றில் சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், சீமெந்து உள்ளே அடைத்துவிடும் என்பதை அங்கேதான் அறிந்தேன்.

இரண்டாவது வரைபடத்தில் அந்த வீடு பெண் பிள்ளைகளுக்கான படிப்பறை. ரியூசனுக்கு யாழ்ப்பாணம் போய், கடைசி பஸ்ஸைத் தவறவிடுவோமோ என்று பாடத்தின் பாதியில் எழும்பி ஓடி வருகிற எங்களுக்கானது. வேப்பமரம் அப்படியே நிற்கிறது. கூரைத் தண்ணீர் தொட்டிக்குப் போகிறது. கிணற்றடி வாசலும் இருக்கிறது.

அதற்குப் புள்ளி குறைவு. புதுமை போதாதாம்.

எனக்கு இதில்தான் கோபம். வெறுங்காணியில் நினைத்ததை எல்லாம் கட்டலாம். நிற்கிற சுவரோடு பேசி, அது விடுகிற இடத்தில் மட்டும் கை வைப்பது கடினம். ஜெஃப்ரி பாவா கொழும்பில் 1958 முதல் பத்து வருடங்களாக வரிசையில் இருந்த நான்கு சிறிய வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துத்தான் தன் வீட்டை உருவாக்கினார். பழைய செட்டிநாட்டுத் தூண்களும் அதற்குள் இருக்கின்றன. அதைப் புதுமை இல்லை என்று யார் சொல்வார்?

இடித்துக் கட்டுவது மலிவு என்பவர்கள் ஒருமுறை நெடுந்தீவுக்குப் போய்வரட்டும். சீமெந்துப் பையும் கம்பியும் குறிகட்டுவானிலிருந்து படகில்தான் போகவேண்டும். அங்கே முருகைக்கல் சுவர்கள் ஏற்கனவே நிற்கின்றன. கடலில் முருகைக்கல் அகழ்வதையோ சட்டம் தடுக்கிறது. இருப்பதை விழவிட்டால் அந்தக் கல் திரும்பி வராது.

இரண்டாவது வரைபடத்தை உம்மம்மா வாங்கி அலுமாரியில் காணி உறுதியோடு வைத்திருக்கிறார். மழை இருட்டினால் வாப்பாவிடம், "கூரை எப்ப போடுறது?" என்று கேட்கிறார்.